நல்லது சொல்லப் பயந்தவர்

ஒரு முட்டை பப்ஸைப் பற்றிக்கூட அவர் நல்லதாக ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். எப்படி இருக்கிறது என்று கேட்டால் "சாப்பிடலாம்" என்பார். டீ என்றால் "குடிக்கலாம்". மழை என்றால் "பெய்யுது". எங்கள் பெரியப்பா மகள் கல்யாணத்துக்கு வந்தவர், சாம்பாரை மறுபடி மறுபடி கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, கை கழுவுகிற இடத்தில் பெரியப்பாவிடம், "சாப்பாடு இருந்துச்சுங்க" என்றார். பக்கத்தில் நின்ற மாப்பிள்ளை வீட்டார் திகைத்துப் போனார்கள். பெரியப்பாவோ நிம்மதியாக மூச்சு விட்டார். "சாப்பாடு பிரமாதம்" என்று மட்டும் அவர் சொல்லியிருந்தால், யாருக்கு வாந்தி வருகிறது என்று அன்று முழுக்கப் பார்த்துக்கொண்டு இருந்திருப்போம்.

தன் வாய்க்குத் தானே பயந்த மனிதர் அவர். பெயரை நான் எழுதப்போவதில்லை. இதைப் படித்துவிட்டு யாராவது அவரைத் தேடிக்கொண்டு போய்விடுவார்களோ என்று எனக்கு இன்னமும் பயம் இருக்கிறது.

மூக்கண்டப்பள்ளியில் எங்கள் லைன் வீடுகளின் கடைசி அறையில் தனியாக இருந்தார். தொழிற்பேட்டை எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டினார். நாற்பதைத் தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணைப் பிடித்திருக்கிறது என்று சொல்ல வாய் வராமல்தான் கல்யாணமே நின்றுபோனது என்று எங்கள் லைனில் ஒரு கேலி உண்டு. நானும் சொல்லிச் சிரித்திருக்கிறேன். வேறொரு கம்பெனியில் பாகங்களைச் சரிபார்த்துத் தள்ளுகிற வேலை எனக்கு. கருநாக்கு, கண்ணேறு எல்லாம் எனக்குச் சிரிப்புதான். அப்போது அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கருநாக்கு என்ற பெயர் அவருக்குக் கால்பந்து மைதானத்தில் வந்தது. எஸ்டேட்டுக்குப் பின்னால் இருக்கும் அந்த மைதானத்தில் முன்பு ஒரு கம்பெனி டீம் ஆடியது. ஊரே பார்க்க வரும். அந்த டீமின் கோல்கீப்பரை அவர் ஒரு நாள், "என்னா கை இவனுக்கு!" என்று வாய்விட்டுப் புகழ்ந்தார். அடுத்த வாரமே அந்தக் கோல்கீப்பரின் விரல் பிரஸ் மெஷினில் போனது. இன்னொரு நாள், "இந்தக் கம்பெனி அசையாது, நம்ம பசங்களுக்குக் கவலையில்ல" என்றார். கம்பெனி இழுத்து மூடப்பட்டது. டீம் சிதறியது. பிரஸ் மெஷினில் விரல் போவதும் கம்பெனி மூடுவதும் எங்கள் பக்கத்தில் அன்றாடம் நடக்கிற சங்கதிதான். ஆனால் இரண்டையும் அவர் நாக்கோடு சேர்த்து முடிச்சுப் போட நாலு பேர் இருந்தார்கள். அதோடு அவர் வாயை மூடினார். மேட்ச் பார்க்க வரும்போது கன்னத்துக்குள் ஒரு கிராம்பை அடக்கிக்கொள்வார். யாராவது ஏதாவது கேட்டால் வாயைச் சுட்டிக்காட்டிக் கையை விரிப்பார்.

அந்த மைதானத்தில்தான் மறுபடியும் ஒரு டீம் முளைத்தது. கான்ட்ராக்ட் வேலைக்காரர்கள், ஐடிஐ முடித்தவர்கள், பாகலூர் பக்கத்திலிருந்து வரும் தெலுங்கு பேசும் அண்ணன் தம்பி, திருநெல்வேலிக்காரன் ஒருவன் என்று கலந்து கட்டிய டீம். அதில் முன்வரிசையில் ஆடியவன் என் தம்பி. அவனுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. முதல் டோர்னமென்ட்டில் ஆறு கோல் வாங்கினார்கள். வீட்டுக்கு வந்தவன் சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். அடுத்ததில் மூன்று கோல். அப்புறம் ஒன்று.

ஞாயிற்றுக்கிழமை மேட்ச் முடிந்ததும் எல்லோரும் முனையில் இருக்கும் பேக்கரிக்கு வந்துவிடுவார்கள். டீம் தேறுகிறதா இல்லையா என்பதுதான் பேச்சு. தேறுகிறது என்று கம்பெனி மேஸ்திரியான ஒரு லைன் லீடர் நிற்பார். தேறவே இல்லை என்று கம்பெனி வேன் ஓட்டுகிற ஒருவர் நிற்பார். மற்றவர்கள் டீ கிளாசோடு வாரா வாரம் கட்சி மாறுவார்கள்.

"ஆறு வாங்குன டீம் இன்னிக்கு ஒண்ணு வாங்குது. இது முன்னேத்தம் இல்லாம என்னாய்யா?" என்பார் லைன் லீடர்.

"எதிர் டீம்ல பாதிப் பேரு ஷிப்ட்டுக்குப் போயிட்டான். மீதிப் பேரு நைட் ஷிப்ட் முடிச்சுத் தூக்கக் கலக்கத்துல வந்து நிக்கறான். அவங்ககிட்டயே தோத்துட்டு வந்து முன்னேத்தங்கற?"

"இப்ப பாஸ் போவுதுய்யா. முன்ன பந்தக் கண்டா ஓடி ஒளிவானுங்க."

"பாஸ் போவுது சரி. கோலு போவுதா?"

கடைசியில் எல்லாக் கண்களும் மூலையில் நிற்கும் அவர் பக்கம் திரும்பும். ஒரு மேட்ச்கூட விடாமல் பார்ப்பவர் அவர் ஒருவர்தான். ஆனாலும் யாரும் கேட்க மாட்டார்கள். அவர் தப்பித் தவறி ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது? ஹாசன் பக்கத்திலிருந்து வந்து கடை போட்ட பேக்கரிக்காரர், "ஏனூ ஹேள்பேடி அண்ணா" என்று கன்னடத்தில் கும்பிடுவார். ஒன்றும் சொல்லிவிடாதீர்கள் அண்ணா என்று. கடை சிரிக்கும். அவரும் சிரிப்பார். சிரித்துவிட்டுச் சட்டென்று வாயை மூடிக்கொள்வார், சிரித்ததுகூடத் தப்போ என்பது போல.

ஒருமுறை வேன் டிரைவருக்கு ஒரு யோசனை தோன்றியது. அவரை எதிர் டீம் கோல் பக்கம் கொண்டுபோய் நிறுத்தி, அவர்களைப் புகழச் சொல்ல வேண்டும். "அந்த கீப்பர் சூப்பர்னு ஒரு வார்த்தை சொல்லுண்ணா, போதும்" என்று இரண்டு பேர் தோளில் கை போட்டு இழுத்தார்கள். அவர் கோல் கம்பத்துக்குப் பின்னால் போய் நின்றார். அந்தக் கீப்பர் ஒல்லியாக, கிழிந்த கையுறையோடு குதித்துக் குதித்துத் தயாராகிக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரம் அவனையே பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டார்.

"அவனும் ஒருத்தி பெத்த புள்ளதான?" என்றார்.

அன்று நாங்கள் தோற்றோம். அவரோடு ஒரு வாரம் யாரும் பேசவில்லை.

நான் அவரிடம் நேராகவே ஒருமுறை கேட்டேன். கம்பெனி பஸ்ஸுக்காக இருவரும் நின்றுகொண்டிருந்தோம்.

"ஏண்ணா, நெசமாவே உங்க வாய்ல ஏதோ இருக்குதுன்னு நம்பறீங்களா?"

"நம்பலம்மா. ஆனா பயமா இருக்குது" என்றார்.

அவரைப் பார்த்து எல்லோரையும்விட அதிகம் பயந்தவள் என் அம்மாதான். காலையில் ரோஜாத் தோட்டத்துக்கு வேலைக்குக் கிளம்பும்போது அவர் அறைக் கதவு திறந்திருந்தால், எங்கள் வீட்டுக்குள் திரும்பி வந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போவாள். தம்பி புது ஜெர்சி போட்ட நாளில், அதன்மேல் பழைய சட்டையை மாட்டி அவர் அறையைத் தாண்டவைத்தாள். தம்பிக்கோ அவர் வாயால் ஒரு வார்த்தை கேட்டாக வேண்டும். கோல் போட்டதும் அவன் கண் முதலில் எல்லைக் கோட்டருகே நிற்கும் அவரிடம்தான் போகும். அவர் தலையைக் குனிந்து செருப்பைப் பார்ப்பார்.

"லைன் லீடர் சொல்லறதெல்லாம் கணக்கில்லக்கா. அவர் எல்லாத்தையும் சூப்பர்ம்பாரு. அந்த அண்ணன் சொல்லணும்" என்பான் தம்பி.

"அந்த வாயால உனக்கு ஒண்ணும் வேணாம் சாமி" என்று அம்மா அவன் தலையைச் சுற்றி நெட்டி முறிப்பாள்.

அடுத்த டோர்னமென்ட்டில் டீம் எப்படியோ செமிஃபைனல்வரை வந்துவிட்டது. மேட்ச் பாகலூர் டீமோடு. ஜெயித்தால் ஃபைனல். நானும் போயிருந்தேன். அவர் பக்கத்தில்தான் நின்றேன். அன்று தம்பி ஆடிய ஆட்டத்தை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கால்பந்து எனக்குப் பாதிதான் புரியும். ஆனால் வேன் டிரைவரே கத்திக்கொண்டிருந்தார். தம்பி முதல் கோல் போட்டான். பிறகு, இடது பக்கத்திலிருந்து உயரமாக வந்த பந்துக்கு எகிறித் தலையால் முட்டினான். பந்து உள்ளே போனது. போன வேகத்தில் அவனும் போய் இரும்புக் கம்பத்தில் மோதினான்.

அந்தச் சத்தம் எனக்கு இன்றும் கேட்கிறது. விழுந்தவன் எழவில்லை. ஒரு கால் மட்டும் மண்ணை உதைத்துக்கொண்டே இருந்தது, பிறகு அதுவும் நின்றது. நான் ஓடினேன். எனக்குப் பின்னால் யாரோ, "அவருதான்! இப்பத்தான் ஏதோ சொன்னாரு, நான் பாத்தேன்!" என்று கத்தினார்கள். திரும்பிப் பார்த்தேன். நாலைந்து பேர் அவர் சட்டையைப் பிடித்திருந்தார்கள். அவர் தடுக்கவே இல்லை. "அவர் ஒண்ணும் சொல்லல, பக்கத்துல நான்தான் நின்னேன்" என்று நானும் கத்தினேன். ஆனால் அவர் உதடு அசைந்ததை நானும் பார்த்த மாதிரிதான் இருந்தது.

ஆஸ்பத்திரியில் தலைக்குள் ரத்தம் கட்டியிருக்கிறது என்றார்கள். ஆபரேஷன் செய்தார்கள். கண்ணைத் திறந்தால்தான் எதையும் சொல்ல முடியும் என்று ஒரு டாக்டர் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனார். மறுநாளும் அவன் கண்ணைத் திறக்கவில்லை. அம்மா ஐசியு கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. கதவு ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அவள் உடம்பு தூக்கிப் போட்டது. எனக்கு ஒரு நர்ஸ் சிரித்தால்கூடப் பயம். சிரிக்காவிட்டால் அதைவிடப் பயம்.

அவர் வந்தார். மாடிப்படி முனையிலேயே நின்றுவிட்டார். நான் எழுந்து போனேன்.

"அன்னிக்கு ஏதாச்சும் சொன்னீங்களாண்ணா?"

"சொல்லலம்மா." குனிந்து செருப்பைப் பார்த்தார். "நெனச்சேன்."

அதற்குள் அம்மா எங்களைப் பார்த்துவிட்டாள். வேகமாக வந்தாள். அடிக்கப்போகிறாள் என்றுதான் நான் குறுக்கே போனேன். என்னைத் தள்ளிவிட்டு அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"தம்பி, உன்ன ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். எம்புள்ள எந்திரிக்க மாட்டான்னு சொல்லு."

எனக்குப் புரியவில்லை. அவருக்குப் புரிந்துவிட்டது. அவள் பிடியிலிருந்து கையை உருவப் பார்த்தார்.

"அக்கா, வேணாங்க்கா."

"உன் வாய்ல நல்லது சொன்னா கெட்டது நடக்குது. அப்ப கெட்டதச் சொன்னா நல்லது நடக்கோணும் இல்ல? சொல்லு தம்பி. உன் காலப் புடிக்கறேன்."

"பலிச்சிருச்சுன்னா?"

அவர் யாரையாவது கெட்டதாக ஒரு வார்த்தை சொல்லி நாங்கள் கேட்டதே இல்லை. அந்த வாயில் கெட்டது எந்தப் பக்கம் திரும்பும் என்று யாருக்குத் தெரியும்? கருநாக்கை எல்லாம் சிரித்துத் தள்ளியவள் நான். அந்த நிமிஷத்தில் என் சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. "சொல்லாதீங்கண்ணா! அம்மா, உனக்குப் பைத்தியமா?" என்று அவர் வாயைப் பொத்தக் கையைக் கொண்டுபோனேன்.

அவர் என் கையை மெதுவாக விலக்கினார். கன்னத்தில் அடக்கியிருந்த கிராம்பை எடுத்துப் பாக்கெட்டில் போட்டார். அம்மாவின் முகத்தைப் பார்த்துத் தெளிவாகச் சொன்னார்.

"அவன் எந்திரிக்க மாட்டான்."

பிறகு குரலைத் தாழ்த்தி, "நாளைக்கு ஏதாச்சும் ஒண்ணுன்னா, நான் சொல்லித்தான் ஆச்சுன்னு இருக்கட்டும். நீங்க கேட்டதா யாருகிட்டயும் சொல்லாதீங்கக்கா" என்றார்.

சொன்னவர் அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டார். நாங்களும் பக்கத்தில் உட்கார்ந்தோம். எங்கள் மூன்று பேரில் யார் அதிகம் பயந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியாது. அவரை அடித்துக் கொல்ல வேண்டும் போலவும் இருந்தது, அவர் தோளில் சாய்ந்து அழ வேண்டும் போலவும் இருந்தது. வெயில் ஏறியது. யாரோ எங்களைத் தாண்டி மருந்துப் பையோடு ஏறினார்கள், இறங்கினார்கள். உச்சி வேளைக்கு மேல் நர்ஸ் வெளியே வந்து தம்பி பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். நாங்கள் யாரும் எழவில்லை. மறுபடியும் கூப்பிட்டாள்.

"கண்ணத் தொறந்துட்டாரு. அக்கா எங்கன்னு கேக்கறாரு. வாங்க."

நான் உள்ளே போய்விட்டு வெளியே வந்தபோது அவர் போய்விட்டிருந்தார்.

கதை அங்கேயே முடிந்திருந்தால் அவர் இன்னும் எங்கள் லைனில் இருந்திருப்பார். அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ரோஜாத் தோட்டத்தில், பூக்களைக் கட்டுக் கட்டுகிற இடத்தில், எல்லோரிடமும் சொல்லிவிட்டாள். அப்புறம் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். பரீட்சை எழுதிய மகள் பெயிலாகிவிடுவாள் என்று சொல்லச் சொல்லி ஒரு தகப்பன். தன் பெயரைக் கம்பெனியில் வெட்டிவிடுவார்கள் என்று சொல்லச் சொல்லி ஒரு கான்ட்ராக்ட் பையன். கெலமங்கலத்திலிருந்து, மார்பில் கட்டி வந்த மனைவியை ஆட்டோவில் படுக்கவைத்துக் கூட்டி வந்த ஒருவர். இவரோ தன் அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வார். "ஒரு வார்த்த சொன்னா என்ன கொறஞ்சா போயிடுவ?" என்று வெளியே நின்று திட்டுவார்கள். ஃபோர்க்லிஃப்ட்டை நிறுத்திக்கூடக் கேட்டார்களாம்.

பயத்தில் வந்தவர்களைக்கூடப் பொறுத்துக்கொண்டார். ஒரு நாள் பைக்கில் ஒருவர் வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் ஸ்வீட் பாக்ஸ். நல்ல மரியாதையாகப் பேசினார். நான் குழாயடியில் இருந்தேன்.

"எங்கண்ணனுக்கும் எனக்கும் நிலத்துல ஒரு பிரச்சினைங்க. கெட்டதெல்லாம் ஒண்ணும் வேணாங்க. எங்கண்ணன் நல்லா இருக்கோணும், நூறு வருசம் இருக்கோணும்னு உங்க வாயால ஒரு வார்த்த சொல்லுங்க. அது போதும்."

குடம் நிரம்பி வழிந்து என் காலில் கொட்டியது. நான் அசையவில்லை. அவர் அந்த மனிதரையே பார்த்துக்கொண்டு நின்றார். ஸ்வீட் பாக்ஸை வாங்காமல் கதவைச் சாத்தினார். அந்த வாரக் கடைசியில் சாமான்களைக் கட்டிவிட்டார்.

குட்டியானை வண்டியில் ஏற்ற அதிகம் இல்லை. ஒரு கட்டில், ஒரு ஸ்டவ், துணி மூட்டை. எந்த ஊருக்கு என்று கேட்டதற்கு "அந்தப் பக்கம்" என்று கர்நாடகத்தைக் காட்டினார். அம்மா வீட்டுக்குள்ளிருந்து வெளியே வரவில்லை. மொட்டைத் தலையும் தையலுமாக இருந்த தம்பி சுவரைப் பிடித்துக்கொண்டு அவர் வண்டிவரை நடந்து போனான். இனிப் பந்தே தொடக்கூடாது என்று அவனுக்கு டாக்டர் சொல்லியிருந்தார். ஃபைனலில் அவன் இல்லாமலே ஆடிப் பெனால்டியில் தோற்றிருந்தார்கள். பேக்கரியில் டீம் தேறியதா இல்லையா என்று இன்னும் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"இனி நான் ஆடப் போறதில்லண்ணா. இப்பச் சொன்னா என்ன ஆயிடும்? நாங்க தேறுனமா இல்லையா? நான் எப்பிடி ஆடுனேன்?"

அவர் ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தார். தலைக்கு மேலே கரண்ட் கம்பியைப் பார்த்தார். தம்பியின் தோளைப் பிடித்து ரோட்டோரத்திலிருந்து உள்ளே கூட்டி வந்தார். எங்கள் வாசற்படியில் உட்காரவைத்தார். கல் ஆடுகிறதா என்று காலால் அழுத்திப் பார்த்தார். அதற்கப்புறம்தான் அவன் காதருகே குனிந்தார்.

"நல்லா ஆடுனடா. எல்லாருமே நல்லா ஆடுனீங்க. ஆறு கோலு வாங்குன அன்னிக்கே தெரியும் எனக்கு."

சொன்ன வேகத்தில் ஓடிப்போய் வண்டியில் ஏறிக்கொண்டார். திரும்பிப் பார்க்கவில்லை. தம்பி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். அவன் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை.

நான் அன்று லீவு போட்டேன். அவன் மேல் ஒரு கண் வைத்துக்கொண்டே சமைத்தேன். ஃபேனை நிறுத்தினேன். அவன் சோற்றில் மீன் முள் இருக்கிறதா என்று நானே பிசைந்து பார்த்தேன். அவன் சிரித்தான். இதெல்லாம் வெறும் பேச்சு, ஒன்றும் நடக்காது என்று அவனிடம் நானே சொன்னேன். சாயங்காலம், பேக்கரிவரை போய் அவர் சொன்னதை எல்லோரிடமும் சொல்லிவிட்டு வருகிறேன் என்று அவன் செருப்பை மாட்டினான். நான் கதவைச் சாத்தினேன். அதன்மேல் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்துகொண்டேன். அவன் எவ்வளவு கெஞ்சியும் எழுந்திருக்கவில்லை.